சிங்கப்பூர் ஒர்க் பெர்மிட்: ஐபிஏ வந்ததும் எதைப் பார்க்க வேண்டும், போனபின் எதை விட்டுக்கொடுக்கக் கூடாது

கேள்வி: என் தம்பிக்கு வயது 23. திருச்சியில் ஸ்கில் டெஸ்ட் அடித்துத் தேறிவிட்டான். சிங்கப்பூர் கட்டுமானக் கம்பெனி ஒன்றிலிருந்து ஐபிஏ (ஒர்க் பெர்மிட்டுக்கான ஒப்புதல் கடிதம்) வந்திருக்கிறது. அடிப்படைச் சம்பளம் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), படி 300 வெள்ளி என்று அதில் இருக்கிறது. ஏஜென்டோ, "அதெல்லாம் கவர்மென்ட்டுக்குக் காட்டுறதுக்கு. நாள் சம்பளம் 18 வெள்ளிதான், ஓட்டி (கூடுதல் நேர வேலைக்கான காசு) தனி" என்று சொல்லி வேறொரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார். போடலாமா? அங்கே போனபின் அவனுக்கு என்னென்ன உரிமை? எதையெல்லாம் செய்யக் கூடாது?

பதில்:

அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம். ஏஜென்ட் சொல்வதற்கு நேர் எதிரானதுதான் சட்டம். ஐபிஏவில் எழுதியிருக்கும் நிலையான மாதச் சம்பளத்தைத்தான் முதலாளி கொடுத்தாக வேண்டும். சைட்டில் வேலை இல்லாமல் டார்மிட்டரியில் (ஊழியர் விடுதியில்) உட்கார வைத்தாலும் கொடுத்தாக வேண்டும். இது வெளிநாட்டு ஊழியர் வேலைநியமனச் சட்டத்தின் கீழ் வரும் பெர்மிட் நிபந்தனை. அந்தத் தொகையைக் குறைக்க வேண்டுமென்றால் இரண்டும் நடக்க வேண்டும்: ஊழியர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும், முதலாளி அதை முன்கூட்டியே மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். ஏஜென்ட் இப்போது கேட்கும் கையெழுத்து, பிறகு அந்த "எழுத்துச் சம்மதம்" என்று காட்டப்படலாம். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எவ்வளவு பணம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு 18 வெள்ளி, மாதம் 26 நாள் என்றால் 468 வெள்ளி. ஐபிஏ சொல்வது 800. மாதம் 332 வெள்ளி போகிறது. இரண்டு வருட பெர்மிட் முடியும்போது 7,968 வெள்ளி. ஊரில் வாங்கிய கடனே அதில் அடைந்துவிடும்.

ஐபிஏவை வரி வரியாகப் படியுங்கள்

ஐபிஏ என்பது பெர்மிட் கொடுப்பதற்கு மனிதவள அமைச்சு தரும் கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம். ஊழியருக்குப் புரியும் மொழியில் அதன் நகலை, அவர் ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே அனுப்ப வேண்டியது முதலாளியின் கடமை. தமிழில் அச்சடித்த நகல் உண்டு. ஏஜென்ட் ஆங்கிலத்தில் ஒரு பக்கத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால், எல்லாப் பக்கங்களையும் தமிழ் நகலையும் கேட்டு வாங்குங்கள். கடிதம் உண்மையானதா என்பதை அமைச்சின் இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை. ஐபிஏ இல்லாமல் "முதல்ல விசிட்ல போ, அங்க போய் பெர்மிட் மாத்திக்கலாம்" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கடிதத்தில் பார்க்க வேண்டியவை: கம்பெனியின் பெயர், என்ன வேலை, அடிப்படைச் சம்பளம், நிலையான படிகள், மாதாமாதம் பிடிக்கப்போகும் தொகை, சிங்கப்பூர் ஏஜென்டுக்குக் கொடுத்த கட்டணம். "நிலையான படி" என்றால் ஒவ்வொரு மாதமும் தவறாமல் வர வேண்டிய பணம். ஓட்டிக் காசையோ போனஸையோ அதில் சேர்த்துக் காட்டி, "இதோ 800 வந்துவிட்டதே" என்று சொல்ல முடியாது. பல பேருக்கு நடக்கும் மோசடி இதுதான்: சம்பளச் சீட்டில் படி என்று 300 இருக்கும், ஓட்டி என்று பூஜ்யம் இருக்கும், ஆனால் ஆள் 60 மணி நேரம் கூடுதலாக உழைத்திருப்பார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 800 என்பது 500 ஆகவும் 300 ஆகவும் பிரிக்கப்பட்டிருப்பது தற்செயல் இல்லை. ஓட்டி அடிப்படைச் சம்பளத்தின் மேல்தான் கணக்கிடப்படும், படியின் மேல் இல்லை. கணக்கு இப்படி: அடிப்படைச் சம்பளத்தை 12 ஆல் பெருக்கி, 2,288 ஆல் வகுத்தால் (52 வாரம், வாரம் 44 மணி நேரம்) ஒரு மணி நேரச் சம்பளம் கிடைக்கும். அதில் ஒன்றரை மடங்குதான் ஓட்டி. 500 வெள்ளி அடிப்படைக்கு மணிக்கு 2 வெள்ளி 62 காசு, ஓட்டி 3 வெள்ளி 93 காசு. 800ம் அடிப்படையாகவே இருந்திருந்தால் ஓட்டி 6 வெள்ளி 29 காசு. மாதம் 70 மணி நேரம் ஓட்டி பார்த்தால் முதல் கணக்கில் 275 வெள்ளி, இரண்டாவதில் 440. ஆக, மொத்தம் 800 என்ற இரண்டு வேலைகளில் கைக்கு வருவது மாதம் 165 வெள்ளி வித்தியாசப்படும். இந்தப் பிரிவு சட்டத்துக்குப் புறம்பானது இல்லை. ஆனால் இன்னொரு கம்பெனியின் ஐபிஏவும் வந்தால், மொத்தத்தை ஒப்பிடாமல் அடிப்படைச் சம்பளத்தை ஒப்பிடுங்கள்.

ஏஜென்ட் கட்டணம்

சிங்கப்பூரில் உரிமம் பெற்ற ஏஜென்ட், பெர்மிட் காலத்தில் வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் வீதம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் ஊழியரிடம் வாங்கலாம். உங்கள் தம்பி விஷயத்தில் அதிகபட்சம் 1,600 வெள்ளி. முதல் ஆறு மாதத்துக்குள் முதலாளியே வேலையை விட்டு நிறுத்தினால், அதில் குறைந்தது பாதியை ஏஜென்ட் திருப்பித் தர வேண்டும். இந்தியாவில் பதிவுபெற்ற ஏஜென்டுக்கு உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான 18 சதவீத ஜிஎஸ்டியும். மொத்தம் 35,400. ஊரில் கேட்கிற லட்சங்களுக்கும் இதற்கும் இருக்கும் தூரம் உங்களுக்கே தெரியும்.

கல்ஃப் நாடுகளுக்கு ஈசிஆர் (குடியேற்ற அனுமதி தேவை என்று குறித்த) பாஸ்போர்ட்டில் போகிறவர்களுக்குக் குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அந்த அனுமதி தேவைப்படும் 18 நாடுகளின் பட்டியலில் சிங்கப்பூர் இல்லை. எனவே சிங்கப்பூர் போகிறவரின் ஒப்பந்தத்தை நம் பக்கத்தில் எந்த அதிகாரியும் கட்டாயமாகப் பார்ப்பதில்லை. அந்த வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும். ஏஜென்ட் பதிவுபெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பாருங்கள். பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள், யார் கணக்குக்குப் போனது என்பது தெரிய வேண்டும். ரசீது தர மறுக்கிறவரிடம் பணம் கொடுத்தால், நாளை கேட்பதற்கு ஆதாரம் இருக்காது.

இதில் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. அந்தப் பணத்தில் ஒரு பங்கு சிங்கப்பூர் முதலாளிக்கோ அவருடைய சூப்பர்வைசருக்கோ போனால், அது ஏஜென்ட் கட்டணமே இல்லை. வேலை கொடுப்பதற்கு வாங்கும் லஞ்சம். வேலைக்கு எடுப்பதற்கோ பெர்மிட் புதுப்பிப்பதற்கோ முதலாளி பணம் வாங்கினால் 30,000 வெள்ளி வரை அபராதம், 2 வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். இரண்டு வருடம் கழித்து "ரினியூ பண்ண ஆயிரத்து ஐநூறு கொடு" என்று கேட்கும்போது இந்தச் சட்டம் தம்பிக்கு நினைவிருக்க வேண்டும்.

போனதும் முதல் இரண்டு வாரம்

வந்திறங்கிய இரண்டு வாரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்கும். தேறாவிட்டால் பெர்மிட் கிடைக்காது, திருப்பி அனுப்பிவிடுவார்கள். நெஞ்சு எக்ஸ்ரேயில் காசநோய் தெரிந்து, கொடுத்த பணத்தோடு திரும்பியவர்கள் உண்டு. ஆகவே டிக்கெட் போடும் முன் ஊரிலேயே ஒரு எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் எடுத்துவிடுங்கள். சில நூறு ரூபாய் செலவில் பெரிய நஷ்டம் தவிரும்.

முதன்முறை வருகிறவர்களுக்கு ஒருநாள் அறிமுக வகுப்பு கட்டாயம், தமிழிலேயே நடக்கும். செலவு முதலாளியுடையது. வேலை தொடங்கிய 14 நாளுக்குள் வேலை விதிமுறைகளை எழுத்தில் கொடுக்க வேண்டும். அதில் இருக்கும் சம்பளம் ஐபிஏவோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் கையெழுத்து. ஒத்துப்போகாவிட்டால், "ஐபிஏவில் வேறு மாதிரி இருக்கிறதே" என்று வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். வாயால் கேட்டால் காற்றோடு போய்விடும், எழுத்தில் கேட்டால் தேதியோடு நிற்கும்.

பாஸ்போர்ட்டை "பத்திரமா வெச்சிருக்கேன்" என்று கம்பெனி வாங்கி வைத்துக்கொள்வது குற்றம். பெர்மிட்டையும் வாங்கி வைக்கக் கூடாது. புதுப்பிப்பதற்குக் கேட்டால் கொடுக்கலாம், வேலை முடிந்ததும் திரும்பக் கேட்க வேண்டும். டார்மிட்டரியில் தங்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு 2020 ஜூலையிலிருந்து சம்பளத்தை வங்கிக் கணக்கில்தான் போட வேண்டும். ஏடிஎம் அட்டையும் பின் எண்ணும் தம்பியிடம்தான் இருக்க வேண்டும். முழுச் சம்பளத்தைக் கணக்கில் போட்டுவிட்டு, சம்பளத்தன்று ஒரு பகுதியை ரொக்கமாகத் திருப்பிக் கேட்கும் தந்திரம் நடக்கிறது. அந்த ஏடிஎம் ரசீதுகளைத் தூக்கியெறியக் கூடாது.

வேலை நேரம், ஓட்டி, விடுப்பு, பிடித்தம்

வாரம் 44 மணி நேரம் சாதாரண வேலை. ஓட்டியோடு சேர்த்து ஒரு நாளைக்கு 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஓட்டி மாதத்துக்கு 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, அதற்குச் சம்பளம் இல்லை. ஓய்வுநாளில் முதலாளி கேட்டு வேலை செய்தால், அரைநாள் வரை ஒரு நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் இரண்டு நாள். தம்பியின் கணக்கில் ஒரு நாள் என்பது 19 வெள்ளி 23 காசு (500ஐ 12 ஆல் பெருக்கி, வாரம் 6 நாள் வீதம் 312 ஆல் வகுத்தது). ஆக, முழு ஞாயிற்றுக்கிழமைக்கு 38 வெள்ளி 46 காசு. "நானே கேட்டு வேலை செய்தேன்" என்று எழுதி வாங்கினால் இது பாதியாகிவிடும். அப்படி ஒரு வாசகம் டைம் கார்டில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

தீபாவளி உட்பட வருடத்துக்கு 11 பொது விடுமுறை, சம்பளத்தோடு. அன்று வேலை செய்தால் ஒரு நாள் சம்பளம் கூடுதல். மூன்று மாதம் முடிந்ததும் வருடாந்திர விடுப்பு கணக்காகும், முதல் வருடத்துக்கு 7 நாள், பிறகு வருடத்துக்கு ஒன்று வீதம் 14 வரை. மருத்துவ விடுப்பு ஆறு மாதம் முடிந்தவருக்கு 14 நாள், மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் அந்த 14ஐயும் சேர்த்து 60 நாள். மூன்றாவது மாதத்திலிருந்தே இதில் ஒரு பகுதி கிடைக்கும்.

சம்பளம் மாதத்துக்கு ஒருமுறையாவது, சம்பள மாதம் முடிந்த 7 நாளுக்குள் வர வேண்டும். ஓட்டிக்கு 14 நாள். "முதல் மூன்று மாதச் சம்பளத்தை டெபாசிட்டாகப் பிடித்து வைப்போம்" என்பது சட்டத்தில் இல்லாத வழக்கம். சம்பளச் சீட்டு ஒவ்வொரு முறையும் தர வேண்டும். அடிப்படை, படி, ஓட்டி மணி நேரம், பிடித்தம் எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும்.

பிடித்தத்துக்கும் எல்லை உண்டு. தங்குமிடம், வசதிகளுக்காகச் சம்பளத்தில் 25 சதவீதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது. அதுவும் ஐபிஏவில் காட்டியிருக்கும் அளவுக்குத்தான். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து பொதுவாகப் பாதியைத் தாண்டக் கூடாது. வெளிநாட்டு ஊழியரை வைத்திருப்பதற்காக மாதாமாதம் அரசுக்குக் கட்டும் லெவி, 5,000 வெள்ளி பாதுகாப்புப் பிணை, மருத்துவக் காப்பீடு ஆகியவை முழுக்க முதலாளியின் செலவு. "லெவி கட்டறேன், அதான் சம்பளம் கம்மி" என்று சொல்வதை ஏற்காதீர்கள்.

லெவி பற்றிப் பேசும்போது பலர் கவனிக்காத ஒரு விஷயம். கட்டுமானத் துறையில் திறன் கூடிய, ஆர்1 என்று சொல்லப்படும் ஊழியருக்கு மாத லெவி 500 வெள்ளி. அடிப்படைத் திறன் உள்ள ஆர்2 ஊழியருக்கு 900. தம்பி இரண்டு மூன்று வருடத்தில் ஆர்1 ஆகிவிட்டால், அவரால் கம்பெனிக்கு மாதம் 400 வெள்ளி மிச்சம். சம்பள உயர்வு கேட்கும்போது கையில் இருக்க வேண்டிய கணக்கு அதுதான். கோர்ஸுக்குப் போக வாய்ப்புக் கிடைத்தால் ஓட்டி போகிறதே என்று தவிர்க்க வேண்டாம்.

காயம்பட்டால்

இந்தப் பகுதியைத் தம்பியையே படிக்கச் சொல்லுங்கள். சம்பளப் பிரச்சினையில் பணம் போகும், இதில் கவனக்குறைவாக இருந்தால் வாழ்க்கையே போகும்.

வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் யாருடைய தவறு என்பது கேள்வியே இல்லை. ஊழியரே கவனக்குறைவாக இருந்தாலும், வேலையின்போது வேலையால் ஏற்பட்ட காயம் என்றால் இழப்பீடு உண்டு. மூன்று வகைப் பணம் கிடைக்கும். முதலாவது, மருத்துவ விடுப்புச் சம்பளம்: முதல் 14 நாளுக்கு (மருத்துவமனையில் இருந்தால் 60 நாளுக்கு) முழுச் சராசரி வருமானம், அதற்குப் பிறகு விபத்து நடந்து ஒரு வருடம் வரை மூன்றில் இரண்டு பங்கு. சராசரி வருமானத்தில் ஓட்டியும் சேரும். வெறும் அடிப்படைச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாற்றப்படுகிறார் என்று பொருள். இரண்டாவது, சிகிச்சைச் செலவு: 2025 நவம்பர் முதல் நடந்த விபத்துகளுக்கு 53,000 வெள்ளி அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அதுவரை. மூன்றாவது, நிரந்தர ஊனத்துக்கு மொத்தத் தொகை: முழு ஊனத்துக்கு 1,16,000 முதல் 3,46,000 வெள்ளி வரை, பகுதி ஊனத்துக்கு மருத்துவர் கொடுக்கும் சதவீதப்படி. இறப்பு நேர்ந்தால் குடும்பத்துக்கு 91,000 முதல் 2,69,000 வரை. ஒரு விரல் நுனி போனாலும் சதவீதம் உண்டு. "இது சின்னக் காயம்" என்று விட்டுவிடக் கூடாது.

எங்கே கெடுகிறது? முதல் இரண்டு மணி நேரத்தில். காயம்பட்டவரைக் கம்பெனி வண்டியில் ஏற்றி, பழக்கமான கிளினிக்குக்குக் கொண்டுபோகிறார்கள். "டார்மிட்டரியில் வழுக்கி விழுந்தேன்னு சொல்லு, நாங்க பார்த்துக்கிறோம்" என்கிறார் கூட வருகிறவர். மருத்துவர் அதை அப்படியே குறிப்பில் எழுதிவிடுகிறார். மூன்று மாதம் கழித்துக் கை வளையவில்லை என்று வழக்குப் போடும்போது அந்தக் குறிப்பே முதல் தடையாக நிற்கும். ஆகவே தம்பி செய்ய வேண்டியது: எந்த மருத்துவரிடம் போனாலும் சைட்டில் எந்த நேரத்தில், எப்படி அடிபட்டது என்ற உண்மையைத் தன் வாயால் சொல்ல வேண்டும். மொழி தடையாக இருந்தால் மொழிபெயர்ப்புக் கேட்க வேண்டும். கூட வந்தவர் மட்டும் பேசும்படி விடக் கூடாது. கடுமையான காயம் என்றால் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேராகப் போகலாம். அடிபட்ட இடத்தையும் பார்த்தவர்களின் பெயர்களையும் அன்றே போனில் பதிய வேண்டும். எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று), ரசீது, சந்திப்பு அட்டை எல்லாவற்றையும் படம் எடுத்து உங்களுக்கு அனுப்ப வேண்டும்.

எம்சியோ இலகு வேலையோ கொடுக்கப்பட்ட வேலையிடக் காயத்தை, தெரியவந்த 10 நாளுக்குள் முதலாளி அமைச்சிடம் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் ஊழியரே அமைச்சை அணுகலாம். இழப்பீடு கோர விபத்து நடந்ததிலிருந்து ஒரு வருடம். பெர்மிட்டை ரத்து செய்துவிட்டார்கள் என்பதால் இந்த உரிமை போய்விடாது. வழக்கு நடக்கும்வரை ஸ்பெஷல் பாஸில் (தற்காலிகமாகத் தங்கும் அனுமதியில்) தங்கலாம், அதுவரை சாப்பாடும் தங்குமிடமும் தர வேண்டியது அந்த முதலாளியேதான். வக்கீல் தேவையில்லை. பொதுச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தில் பெரிய தொகைக்கு வழக்குப் போடலாம் என்று யாராவது வந்து சொன்னால் அவசரப்பட வேண்டாம். அந்த வழியில் முதலாளியின் தவறை நிரூபிக்க வேண்டும், இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் போக முடியாது.

வேலைக்குத் தொடர்பில்லாத நோய்க்கும் சிகிச்சைச் செலவு முதலாளியின் பொறுப்பு. அதற்காகவே வருடத்துக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு மருத்துவக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும்.

செய்யக் கூடாதவை

பெர்மிட்டில் எழுதியிருக்கும் முதலாளிக்கு, அதில் எழுதியிருக்கும் வேலையை மட்டுமே செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை யாரோ ஒருவர் வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பது, உணவகத்தில் கை உதவிக்குப் போவது, இன்னொருவர் பெயரில் டெலிவரி ஓட்டுவது எல்லாமே சட்டவிரோத வேலை. 20,000 வெள்ளி வரை அபராதமும் 2 வருடம் வரை சிறையும் கிடைக்கலாம், திரும்பிவரத் தடையும் வரும். கம்பெனியே "நாளைக்கு அந்த ஆளோட சைட்டுக்குப் போ" என்று தொடர்பில்லாத வேறு கம்பெனிக்கு அனுப்பினால், யார் சொல்லி அனுப்பினார் என்ற செய்தியைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

பெர்மிட் முடிந்தபின் 90 நாளுக்கு மேல் தங்கிவிட்டால் ஆண்களுக்குச் சிறையோடு குறைந்தது மூன்று பிரம்படி. சிங்கப்பூர்க் குடிமகளையோ நிரந்தரவாசியையோ அமைச்சின் அனுமதியில்லாமல் திருமணம் செய்யக் கூடாது, அதை எந்த நாட்டில் செய்தாலும், பெர்மிட் முடிந்த பிறகு செய்தாலும். பதிவான தங்குமிடத்தில்தான் தங்க வேண்டும். பொது இடத்தில் இரவு பத்தரை முதல் காலை ஏழு வரை மது அருந்தக் கூடாது. தேக்கா (லிட்டில் இந்தியா) வட்டாரத்தில் சனி காலை ஏழிலிருந்து திங்கள் காலை ஏழுவரை முழுத் தடை. 2013 டிசம்பரில் அங்கே நடந்த கலவரத்துக்குப் பிறகு வந்த சட்டம் அது.

ஊரிலிருந்து கிளம்பும்போது பெட்டியைத் தம்பியே கட்ட வேண்டும். வாயில் அடக்கும் புகையிலை, மின்சிகரெட் இரண்டுக்கும் அங்கே தடை. சிகரெட்டுக்கு வரிவிலக்கே கிடையாது, ஒரு பாக்கெட்டாக இருந்தாலும் அறிவிக்க வேண்டும். "இதை என் அண்ணன்கிட்ட கொடுத்துடு" என்று யாராவது தரும் பொட்டலம் எதுவானாலும் வேண்டாம். போதைப்பொருள் விஷயத்தில் அந்த நாட்டில் இரக்கம் கிடையாது, தெரியாது என்ற பதில் எடுபடுவது கடினம்.

இப்போது புதிதாக வளர்ந்திருக்கும் ஆபத்து, வங்கிக் கணக்கையும் சிங்பாஸையும் (அரசின் இணைய அடையாளக் கணக்கையும்) வாடகைக்குக் கேட்பது. "இருநூறு வெள்ளி தர்றேன், ஏடிஎம் கார்டு மட்டும் ஒரு மாசம் கொடு" என்று கேட்டு, அந்தக் கணக்கில் மோசடிப் பணத்தை ஓட்டுவார்கள். போலீஸ் வந்து நிற்பது கணக்கு வைத்திருப்பவரிடம்தான்.

எல்லோரும் சேர்ந்து வேலைக்குப் போகாமல் உட்காருவதும், அனுமதியின்றி எங்காவது கூடி நிற்பதும் அங்கே வழக்காகிவிடும். எத்தனை நியாயமான கோபமாக இருந்தாலும், ஒவ்வொருவரும் தனித்தனியாகப் புகார் கொடுப்பதுதான் பாதுகாப்பான வழி.

பிரச்சினை வந்தால், காலக்கெடுவை மறக்க வேண்டாம்

சம்பளப் பாக்கிக்கு, வேலையில் இருக்கும்போதே புகார் கொடுத்தால் கடந்த ஒரு வருடப் பாக்கியைக் கேட்கலாம். வேலையை விட்டபின் என்றால் ஆறு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். காரணமின்றி வேலையைவிட்டு நீக்கியதற்கு ஒரே மாதம். நண்பர்கள் பலர், "பெர்மிட் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்வார்கள். இரண்டு வருடப் பாக்கியில் முதல் வருடத்துப் பணம் அந்தப் பொறுமையில் போய்விடும்.

புகாரைத் தகராறுகளைத் தீர்க்கும் முத்தரப்பு அமைப்பான டாடமில் இணையம் வழியாகக் கொடுக்க வேண்டும். முதலில் சமரசப் பேச்சு. அது முடியாவிட்டால் வேலைநியமனக் கோரிக்கை நடுவர் மன்றம், அங்கே வக்கீல்களுக்கு இடமில்லை. உதவிக்கு வெளிநாட்டு ஊழியர் நிலையத்தை 24 மணி நேரமும் 6536 2692 என்ற எண்ணில் அழைக்கலாம், தமிழில் பேசலாம். டாடமுக்குப் போவதும் அமைச்சில் புகார் கொடுப்பதும் குற்றமில்லை.

அங்கே வெல்வது ஆதாரம்தான். ஒரு சின்ன நோட்டுப் போதும்: தேதி, எந்த சைட், எத்தனை மணிக்கு ஏறினார், எத்தனை மணிக்கு இறங்கினார், யார் சூப்பர்வைசர். அன்றன்றே எழுத வேண்டும், மாதக் கடைசியில் உட்கார்ந்து எழுதினால் மதிப்பில்லை. டைம் கார்டைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும் முன் படம். ஒவ்வொரு சம்பளச் சீட்டும் படம். எல்லாம் வாட்ஸ்அப்பில் உங்களிடம் வந்துவிட வேண்டும், அவன் போனில் மட்டும் இருந்தால், போன் தொலைந்ததும் எல்லாம் போய்விடும். வெற்று வவுச்சரில் கையெழுத்துக் கூடவே கூடாது.

கம்பெனி பிடிக்கவில்லை என்றால் ஓடிப்போக வேண்டிய அவசியமில்லை. கட்டுமானத் துறையில், பெர்மிட் முடிய 40 முதல் 21 நாள் இருக்கும்போது, பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலேயே புதிய முதலாளி விண்ணப்பம் போடலாம். ஏறத்தாழ மூன்று வாரம்தான் அந்த வாசல் திறந்திருக்கும். எனவே பெர்மிட் முடியும் தேதியை இப்போதே குறித்துவைத்து, இரண்டு மாதம் முன்பிருந்தே வேலை தேடச் சொல்லுங்கள். சொல்லாமல் வேலைக்குப் போகாமல் இருந்தால், காணாமல் போனவர் என்று முதலாளி அறிவித்துவிடலாம், பிறகு அதைச் சரிசெய்வது பெரும்பாடு.

வேலையை முடித்து அனுப்பும்போது டிக்கெட் முதலாளியின் செலவு. ஊருக்குப் போக வசதியான சர்வதேச விமான நிலையம்வரை எடுத்துத் தர வேண்டும். கணக்கு முழுவதையும் தீர்த்த பிறகுதான் அனுப்ப வேண்டும். கல்ஃப் போல கடைசியில் கிராஜுவிட்டி கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், சிங்கப்பூர்ச் சட்டத்தில் அது இல்லை, சேமநிதியும் வெளிநாட்டவருக்கு இல்லை. பாக்கி இருக்கும்போதே, அல்லது காயத்துக்குச் சிகிச்சை முடியாதபோதே வலுக்கட்டாயமாகச் சாங்கி விமான நிலையத்துக்குக் கொண்டுபோனால், தம்பி வண்டியில் சண்டை போட வேண்டாம். குடிநுழைவுக் கவுன்டரில் பாஸ்போர்ட்டை நீட்டும்போது, "எனக்குச் சம்பளம் பாக்கி இருக்கிறது" அல்லது "காய இழப்பீடு பாக்கி இருக்கிறது, போக விருப்பமில்லை" என்று அந்த அதிகாரியிடம் சொல்ல வேண்டும். அதிகாரி அதை அமைச்சுக்குத் தெரிவிப்பார். இந்த ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்திலும் சொல்லத் தெரியும்படி, கிளம்பும் முன் பழக்கிவிடுங்கள்.